சீனத்துத் தூபக்கால்களும் அவற்றை வார்த்தவர்களும்

சீனத்தின் வெண்கலத் தூபக்கால்களில் ஹான் அரசர் காலத்துப் போஷான் வகையே முதலில் பெரும்புகழ் பெற்றது. சிறு தண்டின்மேல் ஒரு கிண்ணம். அதன் மூடி அடுக்கடுக்காக எழும் மலை. முகடுகளுக்கு இடையே மறைந்துள்ள துளைகளில் புகை கசியும்போது மலையை மேகம் சூழ்ந்துகொள்ளும். சாவில்லாதவர்கள் வாழும் மலைகளைப் பற்றிய அக்கால நம்பிக்கையே இதன் வடிவுக்கு அடிப்படை. கி.மு. 113இல் மறைந்த இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறை 1968இல் மான்செங்கில் அகழப்பட்டபோது, பொன் இழைத்த இத்தகைய தூபக்கால் ஒன்று கிடைத்தது. உயரம் 26 செ.மீ.தான்; அதற்குள் விலங்குகளும் வேட்டைக்காரர்களும் நடமாடும் ஒரு மலையே அடங்கியிருக்கிறது. வார்த்தவர் யாரென்று தெரியாது. சாங்ஆன் நகரத்துத் திங் ஹுவான் என்ற கைவினைஞரின் பெயரை மட்டும் பழைய நூலொன்று காத்துத் தந்திருக்கிறது. எப்படி உருட்டினாலும் நெருப்புக் கிண்ணம் கவிழாத, போர்வைக்குள் வைக்கும் தூபக்காலைச் செய்தவர் என்று அவரை அது போற்றுகிறது.

பௌத்தம் பரவியபின் தூபக்கால் வழிபாட்டு மேடைக்கு வந்தது. விளக்குத்தண்டும் பூச்சாடியும் அதற்கு இணையாயின. இலங்கைக் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டு இதற்குச் சான்று. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் அமைந்த அக்கல்லின் சீனப் பகுதி, மிங் பேரரசர் புத்தருக்கு அனுப்பிய காணிக்கைகளில் 5 வெண்கலத் தூபக்கால்களையும் குறிக்கிறது.

சுவாந்த பேரரசர் (1425–1435) பெயரால் அறியப்படுபவை வேறு அழகு கொண்டவை. அணிவேலை மிகக் குறைவு. வடிவின் அளவமைதியும் உலோகத்தின் ஆழ்ந்த பழுப்பு நிறமுமே எல்லாம். சயாம் அரசர் அனுப்பிய செம்பைப் பன்னிரண்டு முறை வரை உருக்கித் தூய்மை செய்து 1428இல் இவை வார்க்கப்பட்டன என்று ஒரு நூல் சொல்கிறது. அது பிற்காலத் தொகுப்பு என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. வெண்கலம் என்று வழங்கினாலும், எஞ்சியவற்றில் பல துத்தநாகம் கலந்த பித்தளையே. சுவாந்த முத்திரையும் நம்பத்தக்க சான்றன்று. சிங் அரசர் காலம் வரை பட்டறைகள் அதைப் பொறித்துக்கொண்டே இருந்தன.

வார்ப்பின் நுட்பத்தைச் சோங் யிங்சிங் 1637இல் வெளியிட்ட தொழில்நூல் விளக்குகிறது. பெரிய மணிகளையும் முக்காலிக் கலங்களையும் வார்க்க, எட்டுப் பங்கு மாட்டுக்கொழுப்பும் இரண்டு பங்கு தேன்மெழுகும் கலந்து உருவம் செய்வர். நுண்ணிய மண்ணும் கரித்தூளும் அதன்மேல் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றுவர். ஒரு பங்கு மெழுகு விட்டுச்சென்ற இடத்தை நிரப்பப் பத்துப் பங்கு செம்பு வேண்டும். கோடையில் கொழுப்பு இறுகாது என்பதால் அப்போது இவ்வேலை கூடாது என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

பேரரசரின் பெயரே விலைபோன அக்காலத்தில், இன்றைய ஷாங்காய்ப் பகுதியின் சோங்ஜியாங்கைச் சேர்ந்த ஹு வென்மிங் தன் பெயரையே அடியில் பொறித்தார். மிங் ஆட்சியின் பிற்பகுதியில் வாழ்ந்த அவர், செம்பைத் தட்டியும் செதுக்கியும் பூவும் விலங்கும் புடைத்தெழச் செய்து, புடைத்த இடங்களுக்கு மட்டும் பொன்முலாம் பூசினார். கருத்த பின்புலத்தில் அவை தனித்து ஒளிர்ந்தன. அவர் குடும்பத்தவராகக் கருதப்படும் ஹு குவாங்யூவும் அதே பாணியில் செய்து, தன் பெயரைப் பொறித்தார்.