ராணிக்கேத் வைரசும் புற்றுநோய் ஆராய்ச்சியும்

சேலம், நாமக்கல் வட்டாரக் கோழி வளர்ப்போர் பெரிதும் அஞ்சும் நோய் வெள்ளைக்கழிச்சல். இந்தியாவில் இதை ராணிக்கேத் நோய் என்றும், பிற நாடுகளில் நியூகாசில் நோய் என்றும் அழைக்கின்றனர். பண்ணையையே காலி செய்யக்கூடிய இந்த வைரசைப் புற்றுநோய் மருந்தாக்க முடியுமா என்று அறுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

பெயரும் தடுப்பூசியும்

1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. சிறிது காலத்தில் இமயமலைப் பகுதியான ராணிக்கேத்திலும் பரவியது. அதை எட்வர்ட்ஸ் என்ற கால்நடை அறிஞர் பதிவு செய்தார். 1940களில் முக்தேசுவர் ஆய்வகத்தில் இந்த வைரசைக் கருமுட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி தயாரித்தனர். அந்த வகையே ஆர்2பி. குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் விடப்படும் லசோட்டா சொட்டு மருந்து இன்னும் வீரியம் குறைந்த வகையாகும்.

புற்றுநோய்க்கு எதிராக

1965இல் அமெரிக்காவின் காசெல், காரெட் இருவரும் இந்த வைரசைப் புற்றுநோய்க்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்று எழுதினர். 1971இல் ஹங்கேரிய மருத்துவர் சாட்டாரி ஒரு நிகழ்வை வெளியிட்டார். கோழிப்பண்ணையாளர் ஒருவரின் பண்ணையில் இந்நோய் பரவியபின், அவருக்கு இருந்த இரைப்பைப் புற்று தணிந்தது என்பதே அது. ஒருவரிடம் கண்டதை வைத்து முடிவு சொல்ல முடியாது. எனினும் ஆய்வு தொடர அது தூண்டுதலாயிற்று.

வைரஸ் உள்ளே நுழைந்தால் மனித செல், இன்டர்பெரான் என்னும் காப்புப் பொருளைச் சுரக்கும். கோழியின் இன்டர்பெரானை முடக்கும் இந்த வைரசின் புரதம், மனிதரின் இன்டர்பெரானிடம் பலிப்பதில்லை. எனவே நல்ல செல் தப்பிவிடும். புற்றுச் செல்கள் பலவற்றில் இந்தக் காப்பு பழுதாகி இருப்பதால், வைரஸ் அங்கே பெருகி அவற்றை அழிக்கிறது. செத்த செல்களைக் கண்டு உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலும் விழித்துக்கொள்கிறது.

2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 79 நோயாளிகளுக்கு பிவி701 என்ற வகை நரம்பு வழியே செலுத்தப்பட்டது. சிலருக்குக் கட்டி சுருங்கியது. பலருக்குப் பயன் கிடைக்கவில்லை. 2006இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வில், மூளைப் புற்றுநோயாளிகள் சிலருக்கு வீரியம் குறைந்த வகை தரப்பட்டது. ஒருவருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் ஆர்2பி வகையையே ஆய்வகப் புற்றுச் செல்களில் சோதித்துள்ளனர்.

இன்றைய நிலை

உடல் எதிர்ப்பொருள் சுரந்து வைரசைச் சீக்கிரம் அழித்துவிடுவது முதல் தடை. வீரியமுள்ள வகைகள் நோயாளியிடமிருந்து கோழிகளுக்குப் பரவலாம் என்பது இரண்டாவது. முட்டைத் தொழிலை நம்பி வாழும் நாமக்கல் போன்ற ஊருக்கு இது சிறிய கவலையன்று. 2015இல் அமெரிக்கா தோல் புற்றுக்கு அனுமதித்த வைரஸ் மருந்து, ஹெர்பீஸ் வைரசிலிருந்து செய்யப்பட்டது. கோழி வைரசிலிருந்து அன்று.

ஆகவே வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைப் புற்றுநோய் மருந்தென யாரேனும் விற்றால் வாங்கக் கூடாது. அது கோழிக்கான மருந்து. புற்றுநோயாளிக்கு நேரம் மிக முக்கியம். அதை இத்தகைய நம்பிக்கையில் கழிக்காமல், உரிய மருத்துவமனைச் சிகிச்சையைத் தொடர வேண்டும்.