பிள்ளை கம்பஸில், நாங்கள் ஊரில்: பெற்றோர் பார்க்க வேண்டிய இரண்டு நாட்காட்டிகள்

என் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் படிக்கத் தொடங்கி இரண்டு வருடங்கள் முடிந்துவிட்டன. இந்த இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கென்று ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ வந்ததில்லை. பாடசாலைக் காலத்தில் பெற்றோர் கூட்டம் இருந்தது. தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வைத்தேன். வகுப்பாசிரியையின் இலக்கம் என்னிடம் இருந்தது. கம்பஸில் அப்படி எதுவும் கிடையாது. பிள்ளை பதினெட்டு வயதைத் தாண்டியவர், ஆகவே பெறுபேறு, வரவு, விடுதி எல்லாம் அவருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான விடயம். அதைப் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் முல்லைத்தீவில் இருந்துகொண்டு, "யாழ் பல்கலைக்கழகத்தில் பதற்றம்" என்ற தலைப்பை ஒரு மாலையில் பார்த்துவிட்டு, மகளின் தொலைபேசி இரவு எட்டரை வரை எடுபடாமல் இருந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் நூலகத்தில் இருந்தாள். தொலைபேசியில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் கம்பஸின் வருடம் எப்படி நகர்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். எழுதியதில் மற்றப் பெற்றோருக்கு உதவக்கூடியவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் இடம். யாழ் பல்கலைக்கழகம் கிடைத்தது என்றால் திருநெல்வேலி என்று நினைத்துவிடாதீர்கள். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது திருநெல்வேலியில்தான். கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய மூன்று பீடங்களும் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ளன. விவசாய பீடம் கிளிநொச்சியில் ஆரம்பித்து, போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் மறுபடி கிளிநொச்சிக்குப் போனது. எங்களைப் போலத்தான். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் மகனுக்குப் பொறியியல் கிடைத்த சந்தோசத்தில் பரமேஸ்வரா சந்திப் பக்கம் அறை பார்த்து முற்பணமும் கட்டிவிட்டது. பிறகுதான் வகுப்பு அறிவியல்நகரில் என்று தெரிந்தது. முற்பணம் திரும்பி வரவில்லை. வவுனியா வளாகமும் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். அங்கு தெரிவான பிள்ளையின் அலுவலுக்கு யாழ்ப்பாணம் போய் நிற்கத் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் என்றால் வந்தாறுமூலை மட்டுமல்ல, திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலும், சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலும் இருக்கின்றன.

கடதாசியில் உள்ள நாட்காட்டி

உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளி வெளியிட்டு, பதிவு முடிந்து, வகுப்பு தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். இந்த இடைவெளியில் பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறதே என்று பதறவேண்டாம். ஆங்கிலம் படிக்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது. உயர்தரத்தைத் தமிழில் படித்த பிள்ளைகளுக்கு விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் போன்ற பீடங்களில் முதல் அரையாண்டில் பாடத்தைவிட மொழிதான் பெரிய மலையாக நிற்கிறது.

ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் வருகிறது. அதைப் பிள்ளை மட்டுமல்ல, நாங்களும் வாசிக்க வேண்டும். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு. பக்கத்து மாவட்டப் பிள்ளையின் இசட் புள்ளியோடு எங்கள் பிள்ளையின் புள்ளியை ஒப்பிட்டு அழுவதில் பயனில்லாதது இதனால்தான்.

வகுப்பு தொடங்கியபின் வருடம் இரண்டு அரையாண்டுகளாகப் போகும். ஒவ்வொன்றின் முடிவிலும் கற்றல் விடுமுறை, பிறகு பரீட்சை. வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கு அமர விடமாட்டார்கள். ஊரில் கலியாணம், திருவிழா என்று பிள்ளையை அடிக்கடி கூப்பிடும் எங்களைப் போன்றவர்கள் இந்த எண்ணை மறக்கக்கூடாது. அந்தியேட்டிக்கு வா என்று நான் ஒருமுறை பிடிவாதம் பிடித்தேன். மகள் சொன்ன பிறகுதான் அவளுக்கு ஒரு பாடத்தில் இன்னும் ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது என்று தெரிந்தது.

இந்த நாட்காட்டி குழம்பவும் குழம்பும். 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்கள் நாடு முழுவதும் தொடங்கிய பணிப்புறக்கணிப்பு இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. நான்கு வருடப் பட்டம் நான்கு வருடத்தில் முடியும் என்று வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள் அந்தக் கணக்கில் குறைந்தது ஆறு மாதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடுதி பொதுவாக முதல் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் முன்னுரிமை கொடுத்துத் தரப்படுகிறது. இடையில் வெளியில் அறை பார்க்க வேண்டிவரும். அதற்கான காசை முதல் வருடத்திலேயே ஒதுக்கத் தொடங்கினால் நல்லது.

அந்தக் கட்டம்

மகாபொல, பர்சரி இரண்டும் குடும்ப வருமானத்தைப் பார்த்தே முடிவாகின்றன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆகவும், பர்சரி 4000இலிருந்து 6500 ஆகவும் கூட்டப்பட்டது. அறை வாடகைக்கே இது போதாது என்பது வேறு கதை. இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

விண்ணப்பத்தோடு கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்திய வருமான விபரம் போகவேண்டும். எங்களைப் போன்ற வீடுகளுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தந்தையின் தொழில், தந்தையின் வருமானம் என்று ஒரு கட்டம். என் கணவர் 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர். அப்போது மகளுக்கு ஆறு வயது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஓர் அலுவலகத்தில் இருந்தவர், "ஒண்டில் வருமானத்தை எழுதுங்கோ, இல்லாட்டி மரணச் சான்றிதழைக் கொண்டுவாங்கோ" என்றார். மரணச் சான்றிதழ் எடுக்கமாட்டேன் என்பது எங்கள் வீட்டு முடிவு. வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். அன்று நான் திரும்பி வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் பிறகு, மரணச் சான்றிதழ் இல்லாமலே, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பதிவாளர் திணைக்களம் மூலம் பெறலாம். அதை எடுப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. அதையும் வேண்டாம் என்று வீதியில் இருக்கும் தாய்மாரை நான் மதிக்கிறேன். ஆனால் புலமைப்பரிசிலுக்கு மரணச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். கிராம அலுவலரிடம் நிலைமையை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரும்படி கேளுங்கள். கடைசியில் என் மகளின் விண்ணப்பம் போனது அப்படித்தான். மூன்று தடவை அலைந்தேன்.

பகிடிவதை

இதைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டில் சொல்லமாட்டார்கள். "எல்லாருக்கும் நடக்கிறதுதானே" என்று முடித்துவிடுவார்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடமே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ இருந்தால் பத்து வருடம் வரை போகலாம். முறைப்பாட்டைப் பீடத்தின் மாணவ ஆலோசகரிடமோ, நேரடியாக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ, பொலிஸிலோ செய்யலாம். முதல் மூன்று மாதம் பிள்ளையின் குரலைக் கவனியுங்கள். திடீரென்று உடுப்பு வாங்கக் காசு கேட்பது, இரவில் தொலைபேசியை அணைத்து வைப்பது, ஊருக்கு வந்தால் திரும்பிப் போக மறுப்பது. இவற்றைச் சோம்பல் என்று ஏசிவிடாதீர்கள்.

மற்ற நாட்காட்டி

கம்பஸ் இணையத்தளத்தில் இல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த நாட்காட்டி ஒன்று இருக்கிறது. பெற்றோர் பயப்படுவது அதைப் பார்த்துத்தான்.

ஜனவரி 8: 2021இல் அன்றிரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனவரி 11 அதிகாலையில் மீண்டும் அடிக்கல் வைக்கப்பட்டு, ஏப்ரல் 23இல் புதிய தூபி திறக்கப்பட்டது. 2001 ஜனவரி 17இல் பொங்கு தமிழ் தொடங்கியதும் இதே வளாகத்தில்தான்.

மே மாதம் முழுவதும் பாரமானது. 18ஆம் திகதி தூபியில் சுடரேற்றுவார்கள், முள்ளிவாய்க்காலுக்கும் மாணவர்கள் வருவார்கள். 2019 மே 3இல் படையினர் வளாகத்தைச் சோதனையிட்டு, மாணவர் ஒன்றிய அறையில் படம் இருந்தது என்று ஒன்றியத்தின் தலைவரையும் செயலாளரையும் கைது செய்தது பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்.

செப்டெம்பரில் திலீபன் நினைவு நாட்கள், 15 முதல் 26 வரை. அதே மாதம் 21இல், 1989இல், மருத்துவ பீட விரிவுரையாளர் ரஜனி திராணகம பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த நாளைச் சிலர் நினைவுகூர்வார்கள், சிலர் பேசாமல் இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கிழக்கில் பிள்ளை படித்தால் செப்டெம்பர் 5ஐக் குறித்துக்கொள்ளுங்கள். 1990இல் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேர் கொண்டுசெல்லப்பட்ட நாள் அது.

ஒக்டோபர் 20. 2016இல் அன்றிரவு கொக்குவில் குளப்பிட்டிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிறகுதான் பொலிஸாரின் துப்பாக்கிச் சூடு என்று வெளியே வந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள்.

நவம்பர் 27. 2012இல் விடுதியில் விளக்கேற்றியதற்காகப் படையினர் உள்ளே போனார்கள், மறுநாள் ஊர்வலம் அடித்துக் கலைக்கப்பட்டது, நான்கு மாணவர்கள் பிடிக்கப்பட்டு வெலிகந்தைக்கு அனுப்பப்பட்டார்கள். அன்றைய நிலைமை வேறு, இன்றைய நிலைமை வேறு. இப்போது பல இடங்களில் பகிரங்கமாகவே சுடரேற்றுகிறார்கள். ஆனாலும் அந்தச் சட்டம் எடுக்கப்படவில்லை.

போகாதே என்று மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய அப்பாவுக்கும் சேர்த்துத்தான் அந்த விளக்கு. "விளக்குக் கொளுத்தத்தானேயம்மா போறன்" என்றாள். நாங்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தோம். போகுமுன் ஒரு குறுஞ்செய்தி, வந்தபின் ஒரு குறுஞ்செய்தி. தனியாகப் போகக்கூடாது. அடையாள அட்டையும் மாணவர் அட்டையும் கையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சார்ஜ் இருக்க வேண்டும். மற்றவர்களின் முகம் தெரியும் படங்களை முகநூலில் போடக்கூடாது, அங்கே படமெடுக்கும் எல்லோரும் மாணவர்கள் அல்ல.

என் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. அறைத் தோழி ஒருவரின் இலக்கம், அவருடைய தாயின் இலக்கம், விடுதிப் பொறுப்பாளரின் இலக்கம், துறையின் மாணவ ஆலோசகர் யார் என்ற விபரம், இவை நான்கும் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. 'பதற்றம்' என்ற தலைப்பைக் கண்டால் முதலில் அறைத் தோழியின் தாய்க்குத்தான் எடுப்பேன். பாதிப் பதற்றங்கள் அந்த அழைப்போடு முடிந்துவிடுகின்றன. அப்படி முடியாவிட்டால், இதைத் தெரிந்து வைத்திருங்கள்: பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அவர்கள் அறிவிக்கும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனையில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 2009இல் யாரிடம் போய்ச் சொல்வதென்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசியாகப் பட்டமளிப்பு விழா. இது பல அமர்வுகளாகச் சில நாட்கள் நடக்கும், பிள்ளையின் பீடத்துக்கு எந்த நாள், எந்த அமர்வு என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மண்டபத்துக்குள் போக ஒரு பட்டதாரிக்கு ஓரிருவருக்கே அழைப்பு கிடைக்கும். மற்றவர்கள் வெளியில் நிற்க வேண்டியதுதான். என் மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, வேலைநிறுத்தம் வராவிட்டால். அழைப்பில் ஒன்று எனக்கு. மற்றது அம்மம்மாவுக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.