டயரில் பூ இருக்கிறது, ஆனால் வயது? மாற்ற வேண்டிய நேரத்தை அறிவது எப்படி?

பாரிட் புந்தார் வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடுகின்றன. நிபோங் திபால், ஜாவி, பிறை என்று தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், பாகான் செராய் பக்கம் போகிறவர்கள் மறுபக்கம். கிரியான் நெல்வயல்களுக்கு நடுவே போகும் பல சாலைகளின் ஓரத்திலேயே தாலி ஆயர் ஓடுகிறது. மழையில் வழுக்கினால் ஒதுங்க இடம் கிடையாது. நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. இருந்தும் எண்ணெய் மாற்றுகிறோம், செயின் பார்க்கிறோம், டயரை மட்டும் பஞ்சர் ஆகும்போதுதான் பார்க்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது டயரின் பூ. சாலையில் நிற்கும் மழைநீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். பூ தேய்ந்துவிட்டால் நீர் போக வழியில்லாமல் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஹேண்டிலும் கேட்காது. கார் டயரில் இதற்கென ஓர் அடையாளம் உண்டு. டயரின் பக்கவாட்டில் சிறிய முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். அதற்கு நேர் மேலே, பள்ளத்துக்குள் குறுக்காக ஒரு சிறு மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பூ தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. அதன் பிறகும் ஓட்டினால் சாலைத் தடுப்புச் சோதனையில் சம்மன் வரலாம் என்பது இருக்கட்டும், மழைநாளில் அதற்கு முன்பே டயர் கைவிட்டுவிடும்.

மோட்டார் சைக்கிளில் பின் டயரின் நடுப்பகுதிதான் முதலில் தேயும். ஓரத்தில் பூ நன்றாகத் தெரிவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். எனவே நடுவில் பாருங்கள். டயர் மாற்றும்போது நாலைந்து ஒட்டு விழுந்த பழைய டியூபையே திரும்பப் போடச் சொல்லாதீர்கள்.

கார் டயர் தேய்ந்திருக்கும் விதமும் சேதி சொல்லும். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் என்றால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது டயரின் வயது. கித்தா மரம் சீவிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணம் தெரியாததல்ல. பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். டயரும் அப்படித்தான். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு, ஓடாமல் நின்றாலும் இறுகிப்போகும். வாரம் ஒருமுறை கோவிலுக்கு மட்டும் எடுக்கும் காரில் பூ புதிதுபோல இருக்கும். ஆனால் பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஒரு பக்கம் இல்லையென்றால் மறுபக்கத்தில் இருக்கும். 5 ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பட்டறையில் காட்ட வேண்டும், 10 ஆண்டு ஆனதைப் பூ இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பல சொல்லும் கணக்கு. பூட்டில் கிடக்கும் ஸ்பேர் டயருக்கும் இது பொருந்தும்.

இதனால்தான் பழைய டயர் வாங்குவோர் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கையில் காசு குறைவாக இருக்கும் மாதத்தில் செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பளபளவென்று கறுப்பு மை பூசிய டயரில் பூவைப் பார்த்து மயங்காமல், அந்த நான்கு எண்களைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். தேய்ந்த டயரில் சூட்டுக்கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. 1.6 மில்லிமீட்டர் மேட்டை எங்கு தேடியும் காணவில்லை என்றால், அல்லது மேடும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தால், வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கவாட்டில் கொப்புளம்போலப் புடைத்திருந்தால் நாளை என்று தள்ளக்கூடாது. குழியில் மோதி உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒட்டு கிடையாது. எந்த நேரமும் வெடிக்கலாம்.

நான்கும் வாங்க முடியாமல் இரண்டு மட்டும் வாங்கினால், புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் ஓடும் காராக இருந்தாலும் இதுதான் முறை. ஈரச் சாலையில் முன் டயர் பிடி தளர்ந்தால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் தளர்ந்தால் கார் சுழன்றுவிடும்.

காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறை, வண்டி சூடாவதற்கு முன், எண்ணெய் நிலையத்தில் பார்க்கலாம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அங்கேயே ஒட்டியிருக்கும். காற்றடிக்கக் குனியும்போதே டயரைச் சுற்றிக் கையால் ஒரு தடவு தடவிப் பாருங்கள். ஆணி, வெடிப்பு, புடைப்பு எல்லாம் அப்போதே கையில் தட்டுப்படும்.