பாவை கற்பித்த அரிச்சுவடி

பாவைக்கு உயிரில்லை, ஆயினும் குழந்தையின் கண்ணுக்கு அது உயிருள்ள தோழன். பெரியவர் பன்முறை சொல்லியும் செவி சாய்க்காத பிள்ளை, மரப்பாச்சி சொல்வதாகக் கூறினால் ஒரே முறையில் கேட்டுக்கொள்ளும். நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த இவ்வுண்மையைப் பெரியதொரு கல்வி முயற்சிக்கே அடிப்படையாக்கிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வரலாறே அது. பள்ளி செல்லும் வயதை எட்டாத மழலையர்க்கென அமைந்த அந்நிகழ்ச்சியின் கதையில், பிறந்த மண்ணை விட்டு வந்து காலனிகளில் வாழும் நம் குடும்பத்தார் எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகள் சில உள்ளன. ஆதலின் அதனை இம்மலரில் எடுத்துரைக்க விழைந்தோம்.

1966-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நியூயார்க் நகரில் ஜோன் கான்ஸ் கூனி என்னும் அம்மையாரின் இல்லத்தில் ஒரு விருந்து நடைபெற்றது. அவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவர். விருந்தினருள் ஒருவர் லாயிட் மாரிசெட், உளவியல் கற்றவர், கார்னகி அறநிறுவனத்தில் பணியாற்றியவர். அவருடைய சிறு மகள் விடியற்காலையில் எழுந்து, நிகழ்ச்சிகள் தொடங்குமுன் திரையில் தோன்றும் வெறும் சோதனைக் கோலத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். இத்துணை ஈர்ப்புடைய கருவியைக் கொண்டு குழந்தைகளுக்கு ஏதேனும் கற்பிக்க இயலுமா என்னும் வினா அன்று எழுந்தது.

அவ்வினாவிற்குக் காலமும் துணை நின்றது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் அடியெடுத்து வைக்கும் நாளிலேயே செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்தங்கி நிற்பது அந்நாட்டு அறிஞரை வருத்திய காலம் அது. கூனி அம்மையார் ஊர் ஊராகச் சென்று கல்வியாளரைக் கண்டு ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். குழந்தைகள் விளம்பரப் பாடல்களை, பீர் விளம்பரத்தைக்கூட, பிழையின்றிப் பாடுவதை அவர் கண்டார். சரக்கை விற்கும் முறையாலேயே எழுத்தையும் எண்ணையும் உள்ளத்தில் பதிக்கலாகாதோ என்று கருதினார்.

கார்னகி, போர்டு ஆகிய அறநிறுவனங்களும் அமெரிக்க அரசும் சேர்ந்து ஏறத்தாழ 80 இலட்சம் டாலர் நல்கின. 1968-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி அமைப்பு தோன்றியது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்டு லெஸ்ஸர் தலைமையில் ஆசிரியரும், உளவியலாரும், எழுத்தாளரும், கலைஞரும் ஒன்றுகூடிக் கற்பிக்க வேண்டியவற்றை வரையறுத்தனர்.

பாவைகளை ஆக்கித் தந்தவர் ஜிம் ஹென்சன். நம் நாட்டுப் பொம்மலாட்டத்தில் கலைஞர் மேலிருந்து கயிற்றால் பாவையை ஆட்டுவிப்பர். ஹென்சனின் கலைஞரோ கீழே மறைந்து நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, பாவையின் வாய்க்குள் விரல்களைச் செலுத்திப் பேசுவிப்பர். தம் பாவை திரையில் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அருகிலுள்ள சிறு தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்துக்கொண்டே இயக்குவர். குழந்தை காண்பது பாவையை மட்டுமே.

இனி, இவ்வரலாற்றின் திருப்புமுனைக்கு வருவோம். கற்பனையையும் உண்மையையும் கலந்தால் குழந்தையின் அறிவு குழம்பும் என்று உளவியல் அறிஞர் சிலர் எச்சரித்திருந்தனர். அதனால் மனிதர் நடமாடும் தெருக் காட்சிகளில் பாவைகள் இடம்பெறவில்லை. அவை தனிக் காட்சிகளிலேயே வந்தன. 1969 ஜூலையில் பிலடெல்பியா நகரக் குழந்தைகளுக்குச் சோதனைக் காட்சிகள் போட்டுக் காட்டப்பெற்றன. எட்வர்டு பாமர் என்னும் ஆய்வாளர் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் மற்றொரு சிறு திரையை வைத்து, ஏழரை வினாடிக்கு ஒரு படமாக மாற்றிக்கொண்டே இருந்தார். குழந்தையின் பார்வை எப்போது அத்திரையின் பக்கம் திரும்புகிறது என்பதைக் குறித்துக்கொள்வதே அவர் முறை. பாவைகள் தோன்றியபோது குழந்தைகள் கண் இமைக்காது நோக்கினர். தெருவில் மனிதர் மட்டும் பேசியபோதோ பார்வை அலைந்தது.

அறிஞரின் கருத்து ஒருபுறம். குழந்தைகளின் தீர்ப்பு மறுபுறம். தயாரித்தவர்கள் குழந்தைகளின் தீர்ப்பையே ஏற்றனர். எட்டடிக்கும் மேற்பட்ட உயரமுடைய ‘பிக் பேர்ட்’ என்னும் மஞ்சள் பறவையும், குப்பைத்தொட்டியில் குடியிருக்கும் சிடுமூஞ்சி ‘ஆஸ்கரு’ம் தெருவில் மனிதரோடு கலந்து வாழத் தொடங்கியது இவ்வாறுதான்.

1969 நவம்பர் 10-ஆம் நாள் முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. வணிக விளம்பரத்தைப் போலவே, அன்றைய நிகழ்ச்சியை W, S, E என்னும் மூன்று எழுத்துகளும், 2, 3 என்னும் எண்களும் வழங்குவதாக அறிவித்தனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் அண்டை அயலாராக வாழ்வதை அந்நிகழ்ச்சி காட்டியது. இதனைப் பொறாத மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சிக் குழு, 1970 மே மாதத்தில் அதனைத் தன் மாநிலத்தில் ஒளிபரப்ப மறுத்தது. செய்தி வெளிப்பட்டுக் கண்டனம் எழவே, சில வாரங்களில் அம்முடிவைக் கைவிட்டது.

குழந்தைகள் கற்றனரா? மிகுதியாகப் பார்த்த பிள்ளைகளே மிகுதியாகக் கற்றனர் என்று 1970-இல் வெளிவந்த முதல் ஆய்வு கூறியது. தாமஸ் குக் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் அச்சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து 1975-இல் மாறுபட்ட கருத்தை வெளியிட்டனர். முதல் ஆய்வுக்குரிய பிள்ளைகள் பலர், பார்க்குமாறு ஊக்குவிக்கப்பெற்றவர்கள்; அவ்வூக்கம் இல்லாத வீடுகளில் பயன் சிறிதே என்றும், செல்வர்க்கும் வறியவர்க்கும் உள்ள இடைவெளி இதனால் குறையாது வளரவுங்கூடும் என்றும் அவர்கள் எச்சரித்தனர். 2019-இல் வெளியான கியர்னி, லெவின் ஆகியோரின் ஆய்வு, அந்நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்த பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகள் தம் வயதிற்குரிய வகுப்பில் பின்தங்காது பயின்றமையைக் காட்டியது. ஆனால் வளர்ந்தபின் அவர்கள் பெற்ற கல்வியிலும் ஊதியத்திலும் உறுதியான வேறுபாடு புலப்படவில்லை. பாவையின் ஆற்றலும் அதன் எல்லையும் இவற்றால் ஒருங்கே விளங்குகின்றன.

அவ்வெல்லையைத் தயாரித்தவர்களும் உணர்ந்தே இருந்தனர். பெற்றோரும் குழந்தையோடு அமர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெரியவர் சுவைக்கும் நகைச்சுவையை இடையிடையே வைத்தனர். 1982-இன் இறுதியில், தெருவின் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ இறந்தார். அவர் வெளியூர் சென்றதாகச் சொல்லி மறைத்திருக்கலாம். வேறொரு நடிகரை அமர்த்தியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், இறந்தவர் திரும்பி வாரார் என்பதைப் பெரியவர்கள் பிக் பேர்டுக்கு மென்மையாக எடுத்துரைக்கும் காட்சியை அமைத்தனர். அதனை ஒளிபரப்ப அவர்கள் தேர்ந்த நாள் 1983 நவம்பர் 24. நன்றி கூறும் திருநாள். விடுமுறையாதலால் பெற்றோர் வீட்டில் இருப்பர். குழந்தை கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல ஒருவர் அருகில் வேண்டும் என்பதே கருத்து.

அத்தெரு பல நாடுகளில் கிளைத்தது. பிரேசிலிலும் மெக்சிகோவிலும் 1972-இலும், ஜெர்மனியில் 1973-இலும் அந்தந்த மொழியில் தோன்றியது. 2006-இல் நம் நாட்டிற்கும் ‘கலீ கலீ சிம் சிம்’ என்னும் பெயரில் இந்தி பேசிக்கொண்டு வந்தது. பள்ளிச் சீருடை அணிந்து, பின்னலிட்ட சம்கி என்னும் சிறுமியே அதன் தலைமைப் பாவை. பெண் குழந்தையின் கல்விக்கு அதனைக் காட்டிலும் இனிய தூதுவரைக் காண்டல் அரிது.

நம் காலனிப் பிள்ளைகளின் நிலையை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். அவர்கள் தெருவிற் கேட்பது ஒரு மொழி. பள்ளியிற் பயில்வது மற்றொன்று. திரையில் ஆடும் பாவைகளும் பெரும்பாலும் அவ்விரு மொழிகளிலேயே பேசுகின்றன. அதனை வெறுக்க வேண்டுவதில்லை. வாழும் ஊரின் மொழியைப் பிள்ளை கற்பது நன்றே. ஆனால் பாவை எண்ணிக் காட்டும்போது, பக்கத்தில் அமர்ந்து ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று உடன் எண்ணும் குரல் எவருடையது? அக்குரல் தாயினுடையதாகலாம், அலுவலகத்தினின்று திரும்பிய தந்தையினுடையதாகலாம், ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள பாட்டியினுடையதாகலாம். பெருநிதியும் பேரறிவும் கொண்டு பாவைகளைப் படைத்தவர்கள்கூட அந்த இடத்தை நிரப்ப முயலவில்லை. அதனைப் பெற்றோர்க்கென்றே விட்டுவைத்தனர். அவ்விடத்தில் நாம் அமர்ந்தால், திரையிலுள்ள பாவை எம்மொழியில் பேசினும் நம் பிள்ளை தமிழை இழவாது.