இலவம் வெடிக்கும் பங்குனி

காரைக்கால் அம்மையாரின் சிறுவயதைப் பற்றிச் சேக்கிழார் அதிகம் சொல்லவில்லை. புனிதவதி வணிகர் தனதத்தனின் மகள். தோழியரோடு வண்டல் விளையாடினாள். அந்த விளையாட்டுப் பேச்சிலும் இறைவனைப் பற்றிய சொற்களே வந்தன. அடுத்து, வீட்டைத் தாண்டக் கூடாத வயது வந்துவிடுகிறது. அதற்கடுத்து நாகப்பட்டினத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள். சில பாட்டுகளுக்குள் ஒரு சிறுமியின் விளையாட்டு முடிந்துவிடுகிறது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் பாடிய அம்மையாரோ தம் பாடல்களில் கணவனைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. காரைக்கால் பேய் என்றுதான் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். ஆனாலும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தால் ஊர் முதலில் நடத்துவது மாப்பிள்ளை அழைப்பு, பிறகு திருக்கல்யாணம். வண்டலுக்கென்று ஒரு நாள் இல்லை. மாடியிலிருந்து விழும் மாம்பழத்தைப் பிடிக்க நானும் கூட்டத்தில் முண்டியடித்தவள்தான்; இருந்தாலும் இந்தக் குறை எனக்கு உண்டு.

வண்டல் என்றால் மணலில் வீடு கட்டுவது, மணற்சோறு ஆக்குவது, பாவை செய்வது. சங்கப் பாடல்களில் பெண்பிள்ளைகள் பஞ்சாய்க் கோரையை முடிந்து பாவை செய்கிறார்கள். குறுந்தொகையில் பூந்தாதைக் குவித்துச் செய்த பாவை ஒன்று வருகிறது. கோரை காய்ந்துவிடும், தாது உதிர்ந்துவிடும், மணலை அலை கொண்டுபோகும். இந்த வரிசையில் கடைசியாக வருவதுதான் கிழிந்த புடவையில் செய்த பொம்மை. கல்லும் மண்ணும் செம்பும் அகழாய்வில் கிடைக்கும். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள எங்கள் கரையில் துணி எத்தனை வருஷம் தாங்கும்? சிறுமிகள் கையால் செய்த பொருள்களுக்குச் சரித்திரம் இல்லாமல் போனதற்கு அலட்சியம் ஒரு காரணம், கரையான் இன்னொரு காரணம்.

இலக்கியத்தில் இந்த விளையாட்டு வரும்போதெல்லாம் அதைக் கலைக்க ஒரு ஆண்பிள்ளையும் வந்துவிடுகிறான். கலித்தொகையில் தலைவன் சிறுவயதில் சிற்றிலைக் காலால் சிதைத்தவன் என்று நினைவுகூர்கிறார்கள். அதுவே காதலுக்கு முன்கதை ஆகிறது. பிள்ளைத்தமிழில் அது இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில் பருவம். வீடு கட்டும் பருவம் அல்ல; சிறுமிகள் ‘எங்கள் சிற்றிலை அழிக்காதே’ என்று கெஞ்சும் பருவம். ஒருத்தி உழைத்துக் கட்டியதை ஒருவன் உதைப்பது ரசிக்கத்தக்க குறும்பு என்று எத்தனை தலைமுறைப் புலவர்கள் பாடிப் பழகியிருக்கிறார்கள்!

ஆண்டாளும் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்தில் இதைத்தான் கேட்கிறாள். ஆனால் அவள் ஒரு மாதத்தையும் குறிப்பிடுகிறாள். பங்குனி, காமன் வரும் காலம் என்கிறாள். முதல் பத்தில் தையும் மாசியும் வருகின்றன. தரை விளக்கிக் கோலமிட்டு, நுண்மணல் பரப்பிக் காமனுக்கு நோன்பு. பெண்பிள்ளைகளின் இளவேனிலுக்கு ஒரு பெண்ணே எழுதிவைத்த நாட்காட்டி இது.

எங்கள் பக்கத்தில் அந்த நாட்காட்டி இன்னும் கொஞ்சம் கண்ணில் படும். தையில் அறுப்பு முடியும். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார்; மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று கொண்டாடுவார்கள், தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்பதால். பங்குனியில் வேம்பு பூக்கும், மாவடு உதிரும், புளி உடைத்த கொட்டைகள் பல்லாங்குழிக்கு வரும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு தெருவெல்லாம் பறக்கும். இலவு காத்த கிளி என்று ஏமாந்தவரைச் சொல்கிறோம். கிளி ஏமாந்தால் என்ன, அந்தப் பஞ்சுக்காகவே காத்திருந்த சிறுமிகள் ஏமாறவில்லை. அது பொம்மைக்கு வயிறு.

செய்முறை எளிது. நைந்த நூல்புடவையில் ஒரு சாண் கிழித்து, நடுவில் பஞ்சை வைத்து உருட்டி, கழுத்தில் நூல் இறுக்கினால் தலை. குறுக்கே இன்னொரு சுருள் வைத்துக் கட்டினால் இரண்டு கை. கண்ணுக்கு மை, கூந்தலுக்குக் கறுப்பு நூல். புதுத்துணி உதவாது, விறைக்கும். நூறு தடவை துவைத்த துணிதான் உடம்புபோல் இருக்கும். மரப்பாச்சி வேறு வகை. அது செம்மரத்தில் ஆசாரி செதுக்கியது, காசு கொடுத்து வாங்கியது, சோடியாக ஆணும் பெண்ணுமாக வருவது. துணிப்பொம்மைக்குச் சோடி தேவையில்லை.

எல்லாச் சிறுமிகளுக்கும் இந்தப் பங்குனி ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நெல் அறுத்த தாளடியில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அதைப் பறிக்கும் மாதமும் இதுவே. நிலமில்லாத வீட்டுப் பெண்பிள்ளைகள் அம்மாவோடு விடியுமுன் வயலில் குனிந்திருப்பார்கள், வெயிலேறினால் காய் வெடித்துச் சிதறும் என்பதால். இலவம்பஞ்சு அவர்களுக்கும் பறந்தது. குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்க எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்?

இனி 1930ஆம் வருஷப் பங்குனிக்கு வருகிறேன். 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்றும் ஆணின் மணவயதை 18 என்றும் வைத்தது. சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி இதற்காகப் பேசியவர். பெண்ணுக்கு 16 வேண்டும் என்றவர். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1, பங்குனி நடுவில். இடையில் கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் நாடெங்கும் குழந்தைக் கல்யாணங்களை அவசர அவசரமாக நடத்தி முடித்தார்கள். சட்டத்துக்குப் பல்லும் பலமில்லை. அதிகபட்சத் தண்டனை ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும். யாராவது புகார் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் நூறு ரூபாய் வரை ஈடு கட்ட வேண்டியிருக்கும். நடந்த கல்யாணம் செல்லாது என்றும் அது சொல்லவில்லை.

அந்தச் சட்டமும் வாஞ்சூரில் நின்றுவிட்டது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில். பாரிஸின் சிவில் சட்டப்படி பெண்ணுக்கு மணவயது 15. காகிதத்தில் அது சாரதா சட்டத்தைவிட மேல். ஆனால் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து எழுதிக் கொடுத்தவர்களுக்கே அது முழுதாகப் பொருந்தும். துறக்காதவர்களுக்கு அவரவர் சாதி வழக்கமே சட்டம். நாகூரிலிருந்து ஒரு வண்டிப் பயணத்தில் ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டும் குற்றம் மங்கல காரியமாக மாறிவிடும். இப்படி எல்லை தாண்டிப் போய் முடித்துக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் இருந்தன. 1938இல் சட்டத்தைத் திருத்தி, பிரிட்டிஷ் பிரஜை எங்கே போய் நடத்தினாலும் குற்றமே என்று எழுத வேண்டி வந்தது. விடுதலை, சமத்துவம் என்று முழங்கிய குடியரசின் கொடி பறந்த இடம், சிறுமிகளைப் பொறுத்தவரை பின்வாசல்.

என் அம்மாச்சியின் அக்கா, நாங்கள் பெரியாச்சி என்போம், அந்தப் பின்வாசல் வழியாக வந்தவர். கடையும் நிலமும் உள்ள நாகப்பட்டினத்துக் குடும்பம். 1934, மாசி மாதம். எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார்களாம். பட்டா, சாராயமா, என்ன கடத்தல் என்று தேடுவது வழக்கம். பெரியாச்சியின் மடியில் இருந்த துணிப்பொம்மையையும் வாங்கி, வயிற்றை அமுக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாராம் ஒருவர். “எனக்கு என்ன வயசுன்னு மட்டும் யாரும் கேக்கலடி” என்பார்.

நலங்கில் தேங்காய் உருட்டுவதும் அப்பளம் நொறுக்குவதும் இன்றைக்கு முப்பது வயது மணமக்கள் வெட்கத்தோடு செய்யும் கேலிக்கூத்து. அவை குழந்தைகளுக்காக ஏற்பட்டவை. மணையில் உட்கார்ந்த பிள்ளை அழாமல் இருக்க. பெரியாச்சிக்கு அந்தத் தேங்காய் உருண்டது பிடித்திருந்ததாம். அதைச் சொல்லும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதினேழு வயதில் அவர் விதவையானார். 1970களில் நாங்கள் விடுமுறைக்குக் காரைக்கால் போனபோது திண்ணையில் பழைய புடவைகளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பயறு பறித்துவிட்டுத் தண்ணீர் கேட்டு நிற்பவர்களின் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. அந்தத் தண்ணீரைத் தனிச் சொம்பில்தான் ஊற்றுவார் என்பதையும் எழுதிவைக்கிறேன். பொம்மையை மட்டும் கையில் கொடுப்பார்.

பொம்மை பள்ளிக்கூடம் போகலாம், கப்பலேறலாம், சண்டை போடலாம், டாக்டர் ஆகலாம். ஒரு தரம் நாங்கள் செங்கல்லை மணையாக்கி, மஞ்சள் நூலைப் பொம்மையின் கழுத்தில் கட்டப்போனோம். பெரியாச்சி எழுந்து வந்து நூலை வாங்கிக்கொண்டு, “இத வச்சுப் பட்டம் வுடுங்க, காத்து நல்லா இருக்கு” என்றார்.