தபாலில் வந்த ரோடு பைக்

பிரான்சில் லியோனுக்குத் தென்மேற்கே இருக்கும் செந்த் எத்தியேன் நகரத்துக்கு நிலக்கரியும் பட்டு ரிப்பனும் துப்பாக்கியும் பேர் வாங்கிக் கொடுத்தன. சைக்கிள் வந்தது அதற்குப் பிறகு. துப்பாக்கிக் குழலைத் துளைக்கவும் நேராக்கவும் பழகிய கைகளுக்கு சைக்கிள் ஃபிரேமின் குழாய் புதிதாகத் தோன்றவில்லை. 1886இல் கோத்தியே சகோதரர்கள் இங்கே செய்ததுதான் பிரான்சின் முதல் செயின் சைக்கிள் என்று ஊரே உரிமை கொண்டாடுகிறது. அடுத்த ஆண்டே, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி, சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். கியர் வைத்த சைக்கிள்தான் மலைநாட்டுக்குச் சரி என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டெரெய்லியர் கியரை தூர் த பிரான்ஸ் பந்தயம் அனுமதித்தது 1937இல். அவர் இறந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று ஒருவர் வீட்டில் உட்கார்ந்து இணையக் கடையில் விலை குறைந்த அலுமினிய ரோடு பைக் ஒன்றைத் தேடும்போது அவர் செய்யும் இரண்டு காரியங்களும் இந்த ஊரைத் தொட்டுத்தான் வருகின்றன. ஒன்று, பார்க்காமலேயே சைக்கிள் வாங்குவது. இன்னொன்று, எஃகை விட்டு அலுமினியத்தை நம்புவது.

பார்க்காமல் வாங்கும் வழக்கம் இணையம் கொண்டுவந்ததல்ல. எத்தியேன் மிமாரும் பியேர் பிளாஷோனும் 1885இல் செந்த் எத்தியேனில் தொடங்கிய ஆயுத வியாபாரம்தான் பிறகு மானுஃபிரான்ஸ் என்று நாடறிந்த நிறுவனமானது. வேட்டைத் துப்பாக்கி, தையல் இயந்திரம், தூண்டில், 'இரோந்தெல்' சைக்கிள் எல்லாம் ஒரே தடித்த விலைப்பட்டியலில் படத்தோடு வரும். கிராமத்து விவசாயி பக்கத்தைப் புரட்டி, எண்ணைக் குறித்து அனுப்பினால் சரக்கு ரயிலில் வந்து இறங்கும். நம் ஊரில் வி.பி.பி.யில் புத்தகமும் கைக்கடிகாரமும் வரவழைத்த தலைமுறைக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரியும். அட்லாண்டிக்குக்கு அப்பால் சிகாகோவின் மீட் சைக்கிள் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. முன்பணம் ஒரு காசும் வேண்டாம், பத்து நாள் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள் என்று 1900களின் தொடக்கத்திலேயே விளம்பரம் செய்தது. இன்றைய இணையக் கடைகள் தரும் '30 நாளில் திருப்பலாம்' என்ற வாக்குறுதிக்கு வயது நூறுக்கு மேல்.

அந்தக் காலத்து சைக்கிள் தபாலுக்கு ஏற்ற சரக்கு. கனமான எஃகு, நிமிர்ந்து உட்காரும் வாகு. சீட்டை ஏற்றி இறக்கினால் யாருக்கும் ஓரளவு பொருந்தும். வழியில் ஏதாவது வளைந்தாலும் ஊர்க் கொல்லர் தட்டி நிமிர்த்திவிடுவார். வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட பந்தய சைக்கிள் அப்படிப்பட்டதல்ல. முதுகு, கை, தொடை மூன்றின் நீளமும் ஃபிரேமோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே அதைச் செய்பவரிடமே நேரில் போய் அளவு கொடுத்து வாங்கினார்கள். விலையும் அதற்குத் தகுந்தபடி இருந்தது.

அலுமினியம் மலிவானதும் ஏறக்குறைய மானுஃபிரான்ஸ் தொடங்கிய அதே நேரத்தில்தான். 1886இல் பிரான்சின் பால் எரூவும் அமெரிக்காவின் சார்ல்ஸ் ஹாலும் தனித்தனியாக, மின்சாரத்தைக் கொண்டு அந்த உலோகத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. அதுவரை நகைக்கடைக்காரர்கள் கையாண்ட உலோகம் சில ஆண்டுகளில் தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது. 1890களிலேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 'லூமினம்' என்ற வார்ப்பு அலுமினிய சைக்கிள் விற்பனைக்கு வந்தது. 1930களில் பிரான்சின் காமினாத் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் செய்த எண்கோணக் குழாய்களை இணைப்புத் துண்டுகளில் பூட்டி 'காமினார்ஜான்' என்ற பெயரில் விற்றார். அழகான வேலை. ஆனால் பந்தயக்காரர்கள் எஃகை விடவில்லை. 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 குழாய், நடுவில் மெலிந்து முனைகளில் தடித்து, எடைக்கும் உறுதிக்கும் ஒரே பதிலாக இருந்தது. அந்த ரெனால்ட்ஸைக் கையில் வைத்திருந்த பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம்தான் 1949இல் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. அந்தக் குழுமம் 1959இல் பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியையும் விடாப்பிடியாகப் போராடிக் கைப்பற்றியது. எஃகும் அலுமினியமும் ஒரே கூரையின் கீழ் வந்த பிறகும் சைக்கிள் எஃகிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் ஒட்டுதலில் இருந்தது. எஃகுக் குழாய்களைப் பித்தளை உருக்கிப் பற்றவைத்தால் காரியம் முடிந்தது. அலுமினியத்தைச் சூடாக்கினால் அதன் பலம் பற்றவைத்த இடத்தைச் சுற்றிப் போய்விடும். சூடே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் இத்தாலியின் லொதோவிகோ ஃபால்கோனி. 1972இல் அவர் தொடங்கிய 'ஆலன்' நிறுவனம் குழாயைத் திருகிப் பசை போட்டு ஒட்டியது. செந்த் எத்தியேன் பகுதியில் எஃகுக் குழாய் செய்து பேரெடுத்த வீத்துஸ் 1979இல் திருகலையும் கைவிட்டது. வீத்துஸ் 979 ஃபிரேமில் வெல்டிங் கிடையாது, திருகும் கிடையாது. இணைப்புத் துண்டின் முனைமேல் குழாயைச் செருகி, சூட்டில் இறுகும் இப்பாக்சிப் பசையால் பிடிக்கவைத்தார்கள். விமானத் தொழிலில் பழகிய முறை அது.

அயர்லாந்தின் ஷான் கெல்லி இந்த ஃபிரேமில்தான் 1984லும் 1986லும் பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றார். கருங்கல் பாவிய வடபிரான்சின் பாதைகளில் எலும்பைக் குலுக்கும் பந்தயம் அது. ஒட்டிய ஃபிரேம் பிரிந்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனாலும் 979க்கு ஒரு குறை உண்டு. எஃகுக் குழாயின் பருமனிலேயே அலுமினியக் குழாயையும் வைத்ததால், பலமாக மிதிப்பவரின் காலுக்குக் கீழே ஃபிரேம் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே பருமன், அதே தடிப்பு என்றால் எடை குறையும், கூடவே விறைப்பும் போகும். ஆனால் சுவரின் தடிப்பை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும், எடை இரண்டு மடங்கே ஆகும். எட்டில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தாலும் எஃகைவிட இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பு. எடையோ எஃகில் மூன்றில் இரண்டு பங்கு. அலுமினிய சைக்கிளின் குழாய்கள் பருத்துத் தெரிவதன் ரகசியம் முழுவதும் இதுதான். அமெரிக்காவில் எம்ஐடி மாணவராக இருந்த கேரி கிளைன் 1970களில் இந்த வழியில் ஃபிரேம் செய்து காப்புரிமையும் பெற்றார். கனெக்டிகட்டில் ஜோ மான்ட்கோமரி தொடங்கிய கேனன்டேல் 1983இலிருந்து பருத்த குழாய் சைக்கிளை ஆயிரக்கணக்கில் கடைகளுக்கு அனுப்பியது. கிளைன் வழக்குத் தொடுத்தும் அந்த அலை ஓயவில்லை.

வெல்டிங்கில் போன பலத்தைத் திரும்பக் கொண்டுவரும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இந்த சைக்கிளின் விலைக் கதை விளங்கும். 6061 என்ற மக்னீசிய-சிலிக்கன் கலவையில் செய்த ஃபிரேமை டிக் வெல்டிங்கில் இணைத்த பின், சுமார் 530 டிகிரி செல்சியஸ் உலையில் வைத்து, எடுத்தவுடன் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். அந்த நிமிடத்தில் உலோகம் மெத்தென்றிருக்கும். கோணலான ஃபிரேமை அப்போதே மேசையில் பூட்டி நேராக்கிவிட வேண்டும். பிறகு 170, 180 டிகிரியில் பல மணி நேரம் வேகவைத்தால் பலம் திரும்பும். ஒரு ஃபிரேமுக்கு இதைச் செய்வது கட்டுபடியாகாது. நூற்றுக்கணக்கில் உலையேற்றினால் ஒரு ஃபிரேமின் செலவு சொற்பம். கைவினைஞரின் பட்டறையில் எஃகு நிலைத்ததற்கும் அலுமினியம் பெரிய ஆலைகளுக்குப் போனதற்கும் அந்த உலையே காரணம்.

அப்படிப்பட்ட ஆலைகள் தைவானில் இருந்தன. கிங் லியு 1972இல் தொடங்கிய ஜயன்ட், அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனத்துக்கு சைக்கிள் செய்து கொடுத்து வளர்ந்தது. 1980இல் ஷ்வினின் சிகாகோ ஆலையில் வேலைநிறுத்தம் வந்தபோது வேலை இன்னும் அதிகமாகத் தைவானுக்குப் போனது. மறு ஆண்டு ஜயன்ட் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. 1992இல் ஷ்வின் திவாலானது. அதே ஆண்டுகளில் உலோகச் சந்தையிலும் ஒரு பூகம்பம். சோவியத் ஒன்றியம் உடைந்து ஆயுத ஆலைகள் நின்றதும், அங்கே தேங்கிய அலுமினியம் உலகச் சந்தையில் வந்து கொட்டியது. விலை சரிந்தது.

அளவு என்ற கடைசி முடிச்சை அவிழ்த்தவர் மைக் பரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர். ஜயன்டுக்காக அவர் வரைந்த டிசிஆர் ஃபிரேமில் மேல்குழாய் பின்பக்கம் சரிந்து இறங்கும். ஸ்பெயினின் ஒன்சே அணி 1998இல் இதில் பந்தயம் ஓட்டியது. சரிந்த குழாயால் எடை குறைந்தது, விறைப்பு கூடியது. வியாபாரத்துக்கு முக்கியமானது வேறு. முன்பெல்லாம் ஒரு மாடலை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஓர் அளவு என்று செய்ய வேண்டியிருந்தது. இப்போது சிறியது, நடுத்தரம், பெரியது என்று சட்டை மாதிரி சில அளவுகளே போதும். மிச்சத்தை சீட்டுக் குழாயின் உயரத்திலும் ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெமின் நீளத்திலும் சரிசெய்துகொள்ளலாம். ஹேண்டிலை ஃபிரேமோடு இணைப்பதற்கு ஏறத்தாழ அதே காலத்தில் பரவிய ஏஹெட்செட் அமைப்பால் பெரிய ஸ்பானர்கள் தேவையற்றுப்போயின. ஹேண்டிலைக் கழற்றிப் பெட்டியில் வைக்கவும் வீட்டில் திரும்பப் பூட்டவும் ஓர் ஆலன் கீ போதுமானதாயிற்று. பந்தய சைக்கிளும் இப்படித்தான் தபாலுக்கு ஏற்ற சரக்கானது.

1998இல் மார்கோ பன்டானி அலுமினிய பியான்கி சைக்கிளில் தூர் த பிரான்சை வென்றார். அலுமினிய ஃபிரேம் அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே கடைசி. மறு ஆண்டிலிருந்து கார்பன் முன்னுக்கு வந்தது. பந்தய அணிகள் கைவிட்ட உலோகம் சாதாரண மனிதருக்குக் கிடைத்தது. அலுமினிய சைக்கிளின் வரலாற்றில் இதைவிட நல்ல காரியம் நடந்ததாகச் சொல்ல முடியாது.

அதை விற்க வந்தவர்கள் இணையக் கடைக்காரர்கள். ஜெர்மனியின் கோப்ளென்ஸில் ரோமன் ஆர்னல்டின் கேன்யன், இடையில் கடையே இல்லாமல் ஆலையிலிருந்து நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பியது. வட அயர்லாந்தின் பாலினூர் கிராமத்தில் 1980களில் சிறு சைக்கிள் கடையாகத் தொடங்கிய செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ், இணையத்தில் உலகின் பெரிய சைக்கிள் விற்பனையாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. அது தனக்கென ஒரு சைக்கிள் பெயர் தேடியபோது எடுத்துக்கொண்டது வீத்துஸ் என்ற பழைய பெயரை. ஷான் கெல்லியின் பெயரில் ஓடிய அயர்லாந்து அணி 2010களில் அந்த வீத்துஸ் சைக்கிள்களில் பந்தயம் ஓட்டியது. பட்டியலின் கீழ்த்தட்டில் இருந்த ரேசர் மாடல், 6061 அலுமினிய ஃபிரேமும் ஷிமானோ கிளாரிஸ் கியருமாக, முதல் ரோடு பைக் வாங்குகிறவர்களுக்கு எட்டும் விலையில் வந்தது.

இப்படிப்பட்ட சைக்கிளைத் தேர்ந்தெடுப்பவர் கண் முதலில் போவது கியரின் பெயர்மீது. கடைக்காரருக்கும் அது தெரியும். நல்ல டெரெய்லியரைக் காட்டி, சக்கரத்திலும் பிரேக்கிலும் காசை மிச்சம் பிடிப்பது பழைய வழக்கம். பார்க்க வேண்டியது அளவுப் பட்டியலில் இருக்கும் இரண்டு எண்களை: ஸ்டாக், ரீச். மிதிக்கும் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்தலை எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று அவை சொல்லும். 'நடுத்தரம்' என்ற சொல் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு அளவு. இந்த இரண்டு எண்களும் எங்கேயும் ஒரே பொருள் தரும். ஏற்கெனவே உடம்புக்கு ஒத்துப்போன சைக்கிளின் எண்களோடு ஒப்பிட்டால் போதும். அடுத்தது டயருக்கு எவ்வளவு இடம் என்பது. பருத்த அலுமினியக் குழாயின் விறைப்பைத் தணிப்பது காற்றுதான். 28 மில்லிமீட்டர் டயர் நுழையாத ஃபிரேமை மோசமான சாலைகளுக்கு வாங்கவே கூடாது. மூன்றாவது, ஐஎஸ்ஓ 4210 தரச் சான்று. எஃகுக்கு இருப்பதுபோல, இவ்வளவு விசைக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் தாங்கும் என்ற எல்லை அலுமினியத்துக்கு இல்லை. அதனால்தான் அந்தத் தரச் சோதனையில் ஃபிரேமை லட்சம் முறை மிதித்துப் பார்க்கிறார்கள்.

செயின் ரியாக்‌ஷன் 2016இல் விகிள் என்ற இன்னொரு பெரிய இணையக் கடையோடு இணைந்தது. கொரோனாக் காலத்தில் சைக்கிள் விற்பனை பொங்கியது, அடுத்து வடிந்தது, கிடங்குகளில் சரக்கு தேங்கியது. 2023 அக்டோபரில் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஃபிரேசர்ஸ் குழுமம் அந்தக் கடைப் பெயர்களை வாங்கியது. நூற்றாண்டு நெருங்க ஓடிய மானுஃபிரான்ஸும் 1980இல் இப்படித்தான் திவாலாகியிருந்தது. கடை மூடினால் ஃபிரேமுக்கான உத்தரவாதத்தை யாரிடம் கேட்பது என்பது வாங்கியவரின் பாடு.

ஆனால் முதலில் கைவிரிக்கப்போவது ஒரு சின்னத் துண்டு. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில், டெரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர். எஃகு ஃபிரேமில் அது உடம்போடு சேர்ந்தது, வளைந்தால் கையாலேயே நிமிர்த்தலாம். அலுமினியத்தை வளைத்து நிமிர்த்தினால் விரிசல் விடும். அதனால் அதைத் தனித் துண்டாகச் செய்து, ஒன்றிரண்டு திருகால் பூட்டுகிறார்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலோ, வழியில் பெட்டி நசுங்கினாலோ முதலில் வளைவது இதுதான். பெரும்பாலும் ஒவ்வொரு மாடலுக்கும் அதன் வடிவம் வேறு, அடுத்த தெருக் கடையில் கிடைக்காது. அலுமினிய ரோடு பைக்கை இணையத்தில் வாங்குகிறவர் அதே ஆர்டரில், அதே கடையில், அந்த மாடலுக்குரிய இன்னொரு ஹேங்கரையும் சேர்த்து வாங்கி, சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் போட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.