லவ்டேலும் ஒரு யத்தீமின் வைரமும்

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலில் கேத்திக்கு அடுத்து வருவது லவ்டேல். அங்குள்ள லாரன்ஸ் பள்ளியை அறியாதார் நீலகிரியில் இலர். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக, சிறப்பாகத் தந்தையை இழந்தோருக்காக, 1858இல் தொடங்கிய காப்பகமே அது. முந்திய ஆண்டு லக்னோ முற்றுகையில் மாண்ட ஹென்றி லாரன்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதே ஹென்றி லாரன்ஸ்தான் 1849இல் பஞ்சாபை நிர்வகித்த மூவர் குழுவின் தலைவர். பஞ்சாபை இணைத்துக்கொள்வதை அவர் விரும்பவில்லை. நேர்மைக்காக இதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் லாகூரில் கையெழுத்தான உடன்படிக்கை, நாட்டோடு கோஹினூர் வைரத்தையும் விக்டோரியா அரசியிடம் ஒப்படைக்கச் செய்தது. ஒப்பமிட்ட மன்னர் துலீப் சிங்குக்கு வயது பத்து. தந்தை ரஞ்சித் சிங் 1839இலேயே மறைந்துவிட்டார். தாய் ஜிந்தானையும் மகனிடமிருந்து பிரித்திருந்தனர். குழுவின் பொறுப்பில் வந்த அக்கல்லை, ஹென்றியின் தம்பி ஜான் சட்டைப்பையில் போட்டு வாரக்கணக்கில் மறந்திருந்தார் என்றொரு கதையும் உண்டு. யத்தீம்களுக்குப் பள்ளி கண்ட பெயரோடு ஒரு யத்தீமின் வைரமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

யத்தீமின் சொத்தில் கைவைப்போரைத் திருக்குர்ஆன் எச்சரிப்பதை நம் வாசகருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் வெள்ளையரை மட்டும் ஏசி ஒதுங்கவும் நமக்கு வழியில்லை. 1739இல் டில்லியைச் சூறையாடி அக்கல்லைக் கொண்டுபோன நாதிர் ஷா கலிமாச் சொன்னவரே. 1813இல் அடைக்கலம் தேடி வந்த ஷா ஷுஜாவை நெருக்கி அதைப் பெற்றவர், அந்தச் சிறுவனின் தந்தையேதான்.

இது பழங்கதை அன்று. நம் சகோதரர்கள் பெரும்பான்மையாக வாழும் சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த போருக்கு வைரமே பணம் தந்தது. அதன் பின் 2003இல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. அது கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத கல்லைத்தான் தடுக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் கூலியையோ அரசுப் படையின் கொடுமையையோ அது கேட்பதில்லை.

வைரம் ஹராம் என்று நாம் சொல்லவில்லை. மஹர் கொடுக்க ஏதுமற்ற ஒருவரை இரும்பு மோதிரமாவது தேடிவரச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அதுவும் கிடைக்காதபோது அவருக்குத் தெரிந்த குர்ஆன் வசனங்களைக் கொண்டே நிக்காஹ் முடித்து வைத்தார்கள். நம் ஊர்களிலோ, கொடுக்க வேண்டியவன் கை நீட்ட, பெண்ணைப் பெற்றவர் வயலை விற்று வைரத்தோடு வாங்குகிறார். கடையில் ரசீதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். அதில் காரட் உண்டு, விலை உண்டு. கல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது இருப்பதில்லை, அவரும் கேட்பதில்லை.